நாக்கில் முடி

கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் அன்னக்கொடிக்குச் சோதனை மேசை வேலை. லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் கீறல் தேடுவாள். பதினாறு வருஷப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. அரிசியில் கல் தேடுவாள், புருஷன் விருமாண்டியின் பேச்சில் ஓட்டை தேடுவாள். மழை பெய்தால் காளான் தேடுவாள்.

காளான் படம் போட்டுப் பெயர் கேட்கும் குழு ஒன்றில் போன் வழியாகச் சேர்ந்திருந்தாள். போன வருஷம் கருப்பாக விரல்போல நின்ற ஒன்றைப் படமெடுத்து, 'மண்நாக்குக் காளான், சந்தேகமே இல்லை' என்று போட்டாள். அடியைத் தோண்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். மறுநாள் தோண்டினால், கீழே புதைந்த புளியங்கட்டை. கட்டையில் முளைப்பது வேறு இனம்; ஒடித்தால் கரிபோல முறியும், உள்ளே வெள்ளையாக இருக்கும். மண்நாக்கு வெறும் மண்ணில் முளைக்கும், உள்ளேயும் கருப்பு, வளைத்தால் வளையும். அத்தனை பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டதில் அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

இந்த ஐப்பசியில் உசிலம்பட்டிக்கு மேற்கே நாத்தனார் ஊருக்குப் போயிருந்தாள். அம்மன் கோயிலுக்குப் பின்னால் கூட்டம். பாசி படர்ந்த ஈரமண்ணில் ஏழெட்டுக் கருப்பு நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு பங்காளிகள் முட்டிக்கொண்டதில் அந்த ஊரில் மூன்று வருஷமாகத் திருவிழா இல்லை. அந்தக் கோபத்தில்தான் ஆத்தா நாக்கைத் துருத்துகிறாள் என்று பூசாரி வெள்ளைத்துரை விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்னக்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள். இது காளான் என்றாள். நிரூபி என்றார் பூசாரி. ஒன்றே ஒன்றைப் பிடுங்க அனுமதி கிடைத்தது. கொண்டை ஊசியால் சுற்றிலும் கிளறினாள். கட்டை இல்லை, சுள்ளி இல்லை. வளைத்தாள், வளைந்தது. கிள்ளினாள், உள்ளும் கருப்பு. பையிலிருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தாள். மேலெல்லாம் பொடிப்பொடியாகக் கருப்பு முடி. மண்நாக்கிலேயே முடி உள்ள இனம். சந்தோஷத்தில் இருக்கும் இடம் மறந்துபோனது.

"முடி இருக்குண்ணே. நாக்குப் பூராம் முடி."

பூசாரி லென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"நாக்குல முடி மொளைக்கிற வரைக்கும் ஆத்தா பொறுத்திருக்கான்னா, அவளை எம்புட்டு நாளா காக்க வச்சிருக்கோம்?"

அதற்குமேல் அன்னக்கொடி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. லென்ஸுக்கு வரிசை நின்றது. பங்காளிகள் இருவரும் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு வருஷம் என்று சாயங்காலத்துக்குள் சமாதானமாகிவிட்டார்கள்.

பிடுங்கியதைக் காகிதத்தில் மடித்து, மதுரைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்தும் ஸ்ரீவர்ஷினியிடம் கொடுத்தாள். அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, முடியுள்ள மண்நாக்கேதான் என்றார். குழுவில் படம் போட்டபோது ஒருத்தரும் மறுக்கவில்லை.

திருவிழாவுக்கு அவளுக்குத் தனி அழைப்பு வந்தது. போகும் வழியெல்லாம், அங்கே போய் வாயைத் திறக்காதே என்று விருமாண்டி கெஞ்சிக்கொண்டு வந்தான். அவளும் கறிச்சோற்றுக்கு மட்டும்தான் திறந்தாள்.