கண் பிரிவில் மட்டும்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் "பீரோ சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகப் பதிவேட்டு அறையே கதி என்று கிடப்பவர். பழைய கம்ப்யூட்டரில் வார்டு, லேப், பல், கண் என்று பிரிவுக்கு ஒரு கோப்பு. ஒரே நோயாளியின் பெயரும் விலாசமும் நாலிலும் தனித்தனியாக இருக்கும். ஆள் வீடு மாறினால் நாலிலும் போய் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது. எதில் எது தப்பு என்பது பீரோ சாருக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி இதே ஆஸ்பத்திரியில் இறந்தபோது, மூன்று கோப்புகளில் அவரே அந்தத் தேதியைப் போட்டார். கண் பிரிவில் போடவில்லை. மறந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு பீரோ சாரைத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனைவி பெயருக்கு வீட்டுக்குக் கார்டு வரும்: 'கண் பரிசோதனைக்கு வரவும்.' அதை அவளுடைய மேஜை இழுப்பறையில் வைப்பார். அவளை இன்னும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கு வேண்டியிருந்தது.

பிறகு புது முறை வந்தது. நோயாளிக்கு ஒரு எண், ஒரே ஒரு வரி. மற்றப் பிரிவுகள் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை அந்த வரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மாற்ற வந்த இன்ஜினியர் அம்மா, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளை நீட்டினார். பீரோ சார் ஒரு காகிதத்தையும் புரட்டாமல் மூன்றே நாளில் தீர்த்தார். ஒன்று மிஞ்சியது.

"சார், இந்தம்மா மூணு எடத்துல இறந்துட்டாங்க. கண் பிரிவுல மட்டும் உயிரோட இருக்காங்க. எதை வைக்கட்டும்?"

"ரெண்டையும் வெச்சுக்க முடியாதா?"

"பழசுல முடியும் சார், அது எதையும் கேக்காது. இதுல ஒரு ஆளுக்கு ஒரே வரிதான்."

பீரோ சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"கீபோர்டை இப்படித் தள்ளுங்க."

தேதியை அடித்தார். ஒரே தடவைதான். நாலு பிரிவிலும் அது போய் உட்கார்ந்தது.

"எப்படி சார் இதெல்லாம் மனசுலயே வெச்சிருக்கீங்க!" என்றார் இன்ஜினியர் அம்மா.

"பழக்கம்தான்."

அடுத்த கார்டு வரவேண்டிய வாரம் முழுக்க அவர் லீவு போட்டுவிட்டுத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"உங்க சிஸ்டம் நல்லாத்தான் வேலை செய்யுதும்மா. கார்டு வரலை."