பகல் வேளை மாத்திரை

எனக்குப் பிடிவாதம் அதிகம். இதை என் மனைவி சொன்னால் சண்டைக்குப் போவேன்; நானே சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கு உதிரி சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தத் தொழிலுக்குப் பிடிவாதம் நல்லதுதான். உடம்புக்கு ஆகவில்லை.

போன ரமலானில் நோன்பு தொடங்கிய நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. கூடவே கடைவாய்ப் பல் வேறு உயிரை எடுத்தது. "உடம்பு முடியாதவங்களுக்கு அல்லாவே விட்டுக் குடுத்திருக்கான். பெருநாள் கழிச்சு இந்த நோம்பைப் புடிச்சுக்கலாமுங்க" என்றாள் மனைவி. "பல்லு வலிக்கெல்லாம் எவனாவது நோம்பை உடுவானா?" என்று எகிறினேன். அவள் கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்: மாத்திரையையாவது சொன்ன அளவில் போட வேண்டும். சரி சரி என்று தலையை ஆட்டி வைத்தேன்.

எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை. அதை நடத்துகிறவர் நெசவுக் குடும்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எங்கள் தெருவில் காய்ச்சல், சளி என்றால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் "ஒரு செட்டுக் குடுங்க தம்பி" என்று அவரிடம்தான் போய் நிற்போம். செட் என்றால் வெவ்வேறு அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று மாத்திரை, ஒரு காகித உறைக்குள். அதில் பேரை யார் பார்த்தார்கள்? வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று. "மூணு வேளைங்க பாய், சாப்புட்டுட்டுப் போடுங்க" என்றார்.

நோன்புக்காரனுக்கு ஏது மூன்று வேளை? பகல் மாத்திரையைப் போட்டால் நோன்பு போகும், விட்டால் பல் கொல்லும். அதனால் சஹரில், அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டோடு, காலை செட்டையும் பகல் செட்டையும் சேர்த்தே விழுங்கினேன். நோன்பு திறந்ததும் மறுபடி இரண்டு. அது போதாதென்று அலமாரியிலிருந்த மனைவியின் முட்டிவலி மாத்திரையை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பல்லுக்கென்று தனியாகப் போட்டேன். ஆகா, என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு. இப்படி ஏழு நாள்.

எட்டாம் நாள் நோன்புக் கஞ்சியின் வாசமே குமட்டியது. வாந்தி. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மனைவி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு உடனே ஆட்டோவைக் கூப்பிட்டாள். காமாலைக்கு நாட்டு மருந்து கொடுக்கும் ஆளிடம் போகலாம் என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்த டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். முகத்தில் சிரிப்பில்லை. "ஈரல் ரொம்ப அடிபட்டிருக்குங்க. கிருமியால வந்த காமாலையாத் தெரியல, ஏதோ மருந்தால வந்த மாதிரி இருக்குது. என்னென்ன மாத்திரை, எத்தனை போட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் அதுக்கு முறிவு மருந்து ஏத்த முடியும். நாள் போச்சுன்னா ஈரலே வேலை செய்யாமப் போயிரும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அப்போதும் நான் சொன்னேன்: "காய்ச்சலுக்கு ஒண்ணு ரெண்டு போட்டேனுங்க. அவ்வளவுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பக்கத்தில் மனைவி நின்றாள், அது ஒன்று. இன்னொன்று, நோன்பு வைத்ததால்தான் இவனுக்கு இப்படி ஆனது என்று எவனும் நோன்பின் மேல் பழி போட்டுவிடக் கூடாது என்ற வீம்பு. பழி முழுக்க என் மேல்தான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. நேராக மருந்துக்கடைக்குப் போய், என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். "பாய்க்கு நான் ஒண்ணுமே குடுக்கலீங்களே" என்றாராம் அவர். திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடிப் படுத்திருந்தேன். இன்று நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கதவருகே மருந்துக்கடைக்காரர் நின்றார். வியர்த்து ஊற்றியது. கையில் ஒரு கேரி பை. டாக்டரிடம் நேராகப் போய், "நான்தானுங்க குடுத்தேன். சீட்டு இல்லாமத்தான் குடுத்தேன். ஏழு நாள்ல நெறைய செட்டு வாங்கினாரு, கேக்காமக் குடுத்தது என் தப்புதானுங்க. அம்மா வந்து கேட்டப்ப பயத்துல இல்லைன்னுட்டேன்" என்று சொல்லி, கத்தரித்த அட்டைகளை மேசையில் கொட்டினார்.

டாக்டர் ஒவ்வோர் அட்டையின் முதுகையும் திருப்பிப் படித்தார். காய்ச்சலுக்கானது, சளிக்கானது, வலிக்கானது. நிறம் வேறு, பேர் வேறு. மூன்றிலும் அதே காய்ச்சல் மருந்து இருந்தது.

உரிமம் போகலாம், ஊரில் பேர் கெடலாம். அவ்வளவும் தெரிந்து ஒரு மனுஷன் வந்து தலைகுனிந்து நிற்கிறார். நான் எழுந்து உட்கார்ந்தேன். "எல்லாத்தையும் ரெட்டை ரெட்டையாப் போட்டேனுங்க. இவ முட்டிவலி மாத்திரையும் சேத்துப் போட்டேன்" என்றேன். டாக்டர் மனைவியிடம் அந்த மாத்திரையின் பேரைக் கேட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். முட்டிவலி மாத்திரையிலும் அதே மருந்துதான் கலந்திருந்ததாம். கொஞ்ச நேரத்தில் முறிவு மருந்து என் கையில் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது.

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நீங்க டாக்டரு கேட்டப்பவே சொல்லியிருந்தா அவரு இப்படி வந்து நிக்க வேண்டியதில்லையேங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நாலு நாள் ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் எண்கள் இறங்கின. அன்று இரண்டு இட்லி உள்ளே போனது. அல்ஹம்துலில்லாஹ், அப்படி ஒரு இட்லியை நான் சாப்பிட்டதே இல்லை. "உங்களுது நல்ல ஈரல். இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்துராதீங்க" என்று டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். அளவோடு போட்டால் அது நல்ல மாத்திரைதான் என்றும், மீதி நோன்பை உடம்பு தேறியபின் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வீடு வந்த மறுநாளே மருந்துக்கடைக்குப் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"உடுங்க பாய், எனக்கெதுக்கு நன்றி?" என்று அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "அம்மா வந்து கேட்டப்ப நான் மொதல்ல இல்லைன்னுதானுங்க சொன்னேன்."

"நானும் அதைத்தான் தம்பி சொன்னேன்" என்றேன். "நீங்க வராம இருந்திருந்தா, கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிட்டுப் படுத்திருப்பேன்."