தலையணை டாக்டரின் மூன்றாவது ஆர்டர்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வைத்த பட்டப்பெயர் தலையணை டாக்டர். ஏதோ பெரிய படிப்பு என்று பயந்துவிடாதீர்கள். லிஃப்ட் கம்பெனி ஸ்டோரில் பத்தொன்பது வருஷமாக போல்ட், நட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவர். திடீரென்று ஒரு நாள் ஞானோதயம் வந்து, கழுத்துவலிக்காரர்களுக்கு எந்தத் தலையணை நல்லது என்று சொல்ல ஒரு பிளாக் ஆரம்பித்தார். கழுத்துவலிக்கு வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான் ஒருத்தி அதே சோபாவில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏற்பாடு இதுதான். கட்டுரையில் இருக்கும் லிங்கை அமுக்கி யாராவது ஆன்லைன் கடையில் தலையணை வாங்கினால், கடைக்காரன் இவருக்குக் கமிஷன் தருவான். நூற்றெண்பது நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவான். நூற்று நாற்பது நாளில் இரண்டு பேர் வாங்கியிருந்தார்கள். அந்த இரண்டு புண்ணியவான்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு மனுஷன் எங்கள் கல்யாணத்தைப் பற்றிக்கூடப் பேசியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் என்னிடம் சிகிச்சைக்கு வந்த பஸ் டிரைவர் ஒருவர் போனை நீட்டினார்.

"மேடம், தலையணை எவ்வளவு உயரம் இருக்கணும்னு இதுல தேடுறேன். அரைமணி நேரமா சுத்துறேன், இறங்குற எடமே வரல."

வாங்கிப் பார்த்தேன். உயரம் பற்றிய கட்டுரை, "முதலில் பஞ்சைப் பற்றித் தெரிய வேண்டாமா?" என்று பஞ்சுக்கு அனுப்பியது. பஞ்சு உறைக்கு அனுப்பியது. உறை துவைக்கும் முறைக்கு அனுப்பியது. துவைத்து முடித்தால் மறுபடியும் உயரம். நடுவில் பதினொரு இடத்தில் "உடனே வாங்குங்கள்". எதற்கெடுத்தாலும் "தெரிய வேண்டாமா?" என்று கேட்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். அவருக்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருக்கிறேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, உள்ள வந்தவன் வெளிய போக வழியே இல்லையே?"

"ஒரு கட்டுரையில இருந்து இன்னொண்ணுக்கு லிங்க் குடுத்துக்கிட்டே இருக்கணும். வந்தவங்கள விடக்கூடாது."

"கேட்டதுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?"

"பதில் சொல்லிட்டா போயிடுவாங்களே!"

இந்த மேதாவித்தனத்துக்கு என்ன சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். ஒருக்களித்துப் படுக்கிறவருக்குக் காதிலிருந்து தோள் நுனிவரை எவ்வளவு இடைவெளியோ, ஏறக்குறைய அவ்வளவு உயரம் போதும். முதலில் ஒரு துண்டை மடித்து வைத்துப் பாருங்கள். அதிலேயே வலி குறைந்தால் தலையணை வாங்க வேண்டாம். அங்கே அவர் கை நின்றுவிட்டது.

"வாங்க வேண்டாம்னு நாமளே எழுதுறதா?"

"எழுதுங்க."

துண்டை மடிக்கும் விதம் தெரியாதவருக்கு ஒரு லிங்க், மல்லாந்து படுக்கிறவருக்கு ஒரு லிங்க். கடைசியில் ஒரே ஒரு கடை லிங்க். நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று பக்கத்திலேயே ஒரு வரி. மற்ற நாற்பது கட்டுரைகளில் உயரம் என்று பேச்சு வரும் இடத்தில் மட்டும் இந்தப் பக்கத்துக்கு வழி. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்த பிளாக்குக்கு இருநூறு பேர் வந்தார்கள். படித்தார்கள், நன்றி சொன்னார்கள், துண்டை மடித்துக்கொண்டு படுத்தார்கள். ஒருத்தர்கூட வாங்கவில்லை. என் அறிவுரை அவ்வளவு அருமை.

நாட்கள் குறையக் குறைய அவர் பேச்சும் குறைந்தது. பல் துலக்கும் முன்பே போனைப் பார்ப்பார், கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் யார் யாரோ கேட்ட போல்ட்டை எடுத்துக் கொடுத்த மனுஷனுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒன்றுதான். நூற்று எழுபத்தெட்டாவது நாள் மதியம், ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து, அவர் லிங்கை அமுக்கி ஒரு தலையணை ஆர்டர் போட்டேன். வீட்டு விலாசம்தான் கொடுத்தேன். யார் வாங்கினார்கள் என்று அவருக்குக் காட்டாதாம்.

"மூணாவது வந்துடுச்சு!" என்று சாயந்திரம் குதித்தார். நானும் ஒன்றும் தெரியாதவள்போல் கை தட்டினேன். நூற்றெண்பதாவது நாள் இன்னொரு விற்பனை. துண்டு போதாமல் யாரோ நிஜமாகவே வாங்கியிருக்கிறார். அன்றைக்கு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை கடையிலிருந்து மெயில் வந்தது. ஒரு ஆர்டர் உங்கள் சொந்த விலாசத்துக்கே போயிருக்கிறது, விதிமீறல், கணக்கு மூடப்பட்டது. நான் சும்மா இருந்திருந்தால் மூன்று சுத்தமாக வந்திருக்கும். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க அக்கா போன மாசமே வாங்குறேன்னு சொன்னா," என்றார். "வீட்டு ஆளுங்க, சொந்தக்காரங்க வாங்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு, வேண்டாம்னுட்டேன். மச்சான்கிட்டயும் சொல்லி வச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என் லிங்கை அமுக்குவேன்னு நான் கனவுலகூட நினைக்கலம்மா."