குழாய் வைத்த கட்டைகள்

தியாகதுருகத்தில் பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலைக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் தன் அம்மாவோடு இருக்கும் என் மகளை மாதம் ஒரு நாள்தான் பார்க்க முடியும். அந்த நாள் இன்று.

எதிரே பொம்மைக் கடை பாதி திறந்திருக்கிறது. வீடு கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைக் காட்டி, "போன மாசம் வாங்கினது நிக்கவே இல்லையே, பாய்," என்கிறேன்.

கடைக்காரர் ஒரு கட்டையைக் கவிழ்த்துக் காட்டுகிறார். "அது உள்ள வெறும் கூடுங்க. வெளிநாட்டுக்காரனே மொதல்ல அப்டித்தான் செஞ்சானாம். இத்தப் பாருங்க, நடுவுல குழாய் வெச்சிக்கிறான். அமுக்குனா கெட்டியா புடிச்சிக்கும்."

கட்டைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி நடக்கிறேன். இன்னும் மூன்று மணி நேர நடை.

போன முறை நான் கிளம்பிக் கதவைச் சாத்தியதும் மகள் அந்தக் கட்டைகளில் கட்டிய வீடு சரிந்துவிட்டதாம். அதில் எனக்கும் ஓர் அறை வைத்திருந்தாளாம்.