எருமைகள் ஒதுங்கிய நீர்

"ஏரிய இப்டி நின்னு நின்னு பாக்குறியே, பொடவ எடுக்கவா வந்துகீற?" என்று கணவர் கிண்டலடித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எதையும் சோதித்துப் பார்த்தால்தான் நம்புவேன்.

புதிதாக வாங்கிய கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் மீன்பிடித்துப் பழக, பட்டாபிராமுக்கு அப்பால் ஒரு சிறிய ஏரியை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். தண்ணீரில் ஓர் அலைகூட இல்லை.

"இடுப்பளவுதான் கீது, ஏறுமே."

நான் ஏறவில்லை. எதிர்க்கரையிலிருந்து எருமைகள் நீருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தன. எங்களை நெருங்கியதும், கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்றைச் சுற்றுவதுபோல, எல்லாமே வளைந்து ஒதுங்கிப் போயின. அந்த வளைவுக்குள் ஒரு கொக்குகூட நிற்கவில்லை.

தூண்டிலில் ஈயக்குண்டை மாட்டி அங்கே வீசினேன். தூண்டில் நரம்பு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. கணவரின் சிரிப்பு நின்றது.

"மண்ணு லாரிக்குத் தோண்டின பள்ளம்மே," என்றார் மெதுவாக. "ரெண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது."

காற்றே இல்லை. ஆனாலும் கரையோரம் மிதந்த கயாக்கின் மூக்கு மெல்ல அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இருவரும் அதை மேலே இழுத்துப் போட்டோம்.

மறுநாள் காலையே, கயாக் விட வேறு இடம் தேடி அயனம்பாக்கம் ஏரிக்குப் போய், கரையோரமாக நடந்து அதே ஈயக்குண்டை வீசி ஆழம் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.