பூமிக்குள் சுற்றிய மோட்டார்

சகாயராணிக்கு அந்த வருடம் உட்கார நேரமில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெம்பும் இல்லை. காலையில் த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் தோட்டத்துக்கு ஓடி மோட்டாரைப் போடுவாள். மடையை மாற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உலை வைக்கப் போவாள். அங்கே பாத்திரம் கழுவி முடித்ததும் வெயிலோடு திரும்பி வந்து மறுபடி மண்வெட்டியைத் தூக்குவாள். இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். நத்தம் சாலைப் பக்கம் மழை எட்டிப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

புருஷன் கிளெமென்ட் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். "எல்லாத்தையும் போட்டுட்டு நீயும் வந்துரு" என்று போனில் ஒரே பாட்டு. போட்டுவிட்டு வர அது என்ன கிழிந்த சாக்கா? இரண்டு பேரும் குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்த எலுமிச்சைத் தோட்டம். அப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தது.

தை மாதம் ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. சில நாள் கழித்து வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அன்றைக்கு ஆசையாகப் போய் மோட்டாரைப் போட்டாள். முன்பு குழாய் நிறையக் கொட்டிய தண்ணீர் இப்போது சுண்டுவிரல் தண்டிக்குத்தான் வந்தது. ஆழ்துளைப் போர்க்குழிக்குள் அடியில் கிடக்கிற மோட்டார். கண்ணால் பார்க்க முடியாது. ஸ்டார்ட்டர் பெட்டி வழக்கம்போல உறுமியது. அப்படியென்றால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர்தான் இல்லை என்று முடிவு கட்டினாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அக்கம்பக்கத்துப் போர் எல்லாம் வரிசையாக வற்றிக்கொண்டிருந்த நேரம், யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

மாசி முழுக்க அந்தச் சுண்டுவிரல் தண்ணீரை வைத்து மல்லுக்கட்டினாள். மேல்பாதிக்குப் பாய்ச்சினால் கீழ்ப்பாதி வாடியது. கீழே பாய்ச்சினால் மேலே இலை சுருண்டது. கடைசியில் மேல்பாதியாவது பிழைக்கட்டும் என்று கீழ்ப்பாதி மரங்களைத் தன் கையாலேயே வெட்டினாள். முள் கிழித்து முழங்கை வரைக்கும் ரத்தம். அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. விறகைக் கட்டி வீட்டுச் சுவரோரம் அடுக்கினாள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் கேப்பை திரிக்க ஸ்தனிஸ்லாஸ் அண்ணனின் மாவு மில்லுக்குப் போனாள். மெஷினில் ஏதோ சிக்கிக்கொண்டது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைத் தட்டியபடி அலுத்துக்கொண்டார்.

"மறுபடியும் டிரான்ஸ்பார்மர மாத்தப் போறாகளாம்த்தா. போன தடவ மாத்துனப்ப எம் பெல்ட்டு எதிர்ப்பக்கமாவுல்ல ஓடுச்சு. அன்னைக்கே ரெண்டு ஒயர மாத்திப் பூட்டுனேன்."

"எதிர்ப்பக்கம் எப்படிண்ணே ஓடும்?"

"மூணு பேஸும் ஒண்ணா வாறதில்ல, ஒண்ணு பின்னால ஒண்ணு வருது. அதுனால மோட்டாருக்குள்ள காந்தம் சுத்தி வரும். நடுவுல இருக்க உருளைக்கு நாம ஒயரே குடுக்குறதில்ல. காந்தம் சுத்துறதுலயே அதுக்குள்ள கரண்டு பொறந்து, பின்னாலயே ஓடும். நம்ம சவேரியார் சப்பரம் மாதிரின்னு வச்சுக்க. சப்பரம் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கந்தான் கூட்டம், எப்பவும் ஒரு எட்டு பின்னாடி. ரெண்டு பேஸ் எடம் மாறிட்டா சப்பரமே எதிர்ப்பக்கமாக் கெளம்பிரும்."

"பூமிக்குள்ள கெடக்குற மோட்டாருக்கும் அப்படித்தானா?"

"எல்லாத்துக்குந்தான். பம்பு எதிர்ப்பக்கம் சுத்துனாலும் தண்ணி வரும். ஆனா கொஞ்சூண்டுதான் வரும்."

சகாயராணியின் கை மாவுத் தூக்கை விட்டது. தை மாதம் வந்த சந்தேகமெல்லாம் தண்ணீர் மேல்தான். மோட்டார் மேல் அவள் சந்தேகப்பட்டதே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்தனிஸ்லாஸுக்கு விஷயம் புரிந்தது. "காலைல கரண்டோட வாரேன்" என்றார்.

சொன்னபடியே டிவிஎஸ்ஸில் வந்தார். மெயினை இறக்கினார். ஸ்டார்ட்டரில் மோட்டாருக்குப் போகும் ஒயரில் இரண்டைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பச்சைப் பட்டனை அவளையே அழுத்தச் சொன்னார்.

குழாய் இருமியது. செத்த நேரத்தில் தண்ணீர் பழையபடி குழாய் நிறைய வந்து தொட்டியில் விழுந்தது.

"அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேத்தா" என்றார் அவர்.

"தண்ணி வராத வீட்ல போயி யாருண்ணே தண்ணியப் பத்திக் கேப்பா? எல்லாருக்கும் வத்துச்சு. எனக்கும் வத்திருச்சுன்னு நெனச்சேன்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கண் கீழ்ப்பாதிக்கே போனது. மேல்பாதி நனைந்து முடிந்ததும், யோசிக்காமலே பழைய பழக்கத்தில் கீழ்மடையைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெட்டிய கட்டைகளைச் சுற்றிக் குளமாக நின்றது. அடைக்க வேண்டும் என்று தோன்றியது. அடைக்கவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்குக் கூப்பிட்டாள். அடுப்பு மூட்ட எலுமிச்சை விறகைத் தவிர வேறெதுவும் இல்லை.