பேரனின் கார் சீட்டுக்கு நான் ஒட்டிய லேபிள்

நான் ஒரு முட்டாள். இதை நானே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்கள் என் வீட்டிலேயே இரண்டு பேர் உண்டு. அவர்கள் சந்தோஷத்துக்காக முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

சாதாரண முட்டாள் என்றால்கூடப் பரவாயில்லை. நான் அனுபவசாலி முட்டாள். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன். பெட்டி கட்டுவதைப் பற்றி எனக்கு யாராவது சொல்லித்தர முடியுமா? முடியாது. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

போன மாதம் மகள் ரெஜினா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அவளும் பேரன் நேத்தனும் மட்டும். நேத்தனுக்கு ஒன்றேமுக்கால் வயது. எல்லாப் பல்லையும் என் தோளில்தான் சோதித்துப் பார்ப்பான். அவனோடு, காரில் குழந்தையை உட்காரவைத்து பெல்ட் போடுகிற, அவனைவிடப் பெரிய கார் சீட் ஒன்றும் வந்து இறங்கியது.

வரும்போதே ஒரு சம்பவம். சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வருவது காற்றாடி வைத்த சின்ன விமானம். ஆடிக் காற்று வேறு. கார் சீட்டை லக்கேஜில் போட்டுவிட்டு, பையனை மடியில் வைத்திருக்கிறாள். இறங்குகிற நேரத்தில் ஒரு குலுக்கல். குழந்தைக்குக் கொடுத்த பெல்ட் இடுப்பைப் பிடித்தது... தலையைப் பிடிக்கவில்லை. முன் சீட்டில் போய் நெற்றி இடித்துவிட்டது. எங்கள் ஊர் வாகைக்குளம் ஏர்போர்ட்டில் பேரன் சிரித்துக்கொண்டு வந்தான், நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கத்தோடு. மகள் முகத்தில்தான் ரத்தமில்லை.

"இறுக்கித்தாம்ப்பா பிடிச்சிருந்தேன்," என்றாள். வீடு வரும் வரைக்கும் அதையே சொன்னாள்.

ஆறுதல் சொல்வதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன். "ஏளா, ஒன்ன ஸ்கூட்டர் முன்னால நிக்க வச்சே பெரியதாழை வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அது ஒங்க தெறமைன்னு நெனைக்கியளா?"

திரும்பிப் போகும்போது மடியில் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். பையனுக்குத் தனி டிக்கெட். விமான கம்பெனிக்குப் போன் போட்டு, கார் சீட்டை உள்ளே கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறாள். வரலாம், ஜன்னலோரம்தான் வைக்க வேண்டும், அகலம் சரியாக இருக்க வேண்டும், விமானத்தில் பயன்படுத்தலாம் என்ற லேபிள் அதில் ஒட்டியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். டேப் வைத்து அளந்தாள். லேபிளைப் பார்த்தாள். எல்லாவற்றையும் அவள் அம்மாவிடம் சொன்னாள்.

நான் அப்போது மீன் வாங்கப் போயிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. மகளும் பேரனும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஹாலில் கார் சீட் தனியாக இருந்தது. அதைப் பார்த்ததும் என் தொழில் ரத்தம் கொதித்தது. எத்தனை லேபிள்... எத்தனை ஸ்டிக்கர்... பழைய விமானத்தின் பார்கோடு, ஏதோ சென்னை டேக், பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் பொடிப்பொடியாக ஒன்று.

எங்கள் ஆபீஸில் முதல் பாடமே இதுதான்: பழைய லேபிளை உரி, புது மார்க் போடு. மாலத்தீவுக்குப் போக வேண்டிய வெங்காயப் பெட்டிகள் பழைய லேபிளால் கொழும்பில் இறங்கி அழுகியதைக் கண்ணால் பார்த்தவன் நான். என் பேரன் சாமான் அப்படிப் போகலாமா?

மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அங்கன என்னத்தச் சுரண்டுதிய?"

"கிளீன் பண்ணுதேன்."

"அவ வரட்டும். கேட்டுட்டுச் செய்ங்க."

இதற்கெல்லாம் கேட்பார்களா? ஒரு மணி நேரத்தில் சீட் பளபளவென்று ஆகிவிட்டது. புது லேபிள் ஒட்டினேன். மகள் பெயர், ஊர், மேல்பக்கம் எது என்று காட்டும் அம்பு, உடையும் பொருள் என்பதற்குக் கண்ணாடிக் கோப்பைப் படம். மேலே பாலிதீனும் சுற்றினேன். சாயங்காலம் வந்த மகள் அதைப் பார்த்து, "பேக்கே பண்ணிட்டியளா, தேங்க்ஸ்ப்பா," என்றாள். அந்த ஒரு தேங்க்ஸை நான் ராத்திரி பூராவும் வைத்துக் கொண்டாடினேன்.

மறுநாள் ஏர்போர்ட். பேரனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பாஸ் வாங்கி நானும் உள்ளே போனேன். கவுண்டரில் இருந்த பெண் பாலிதீனை அவிழ்க்கச் சொன்னாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மேடம், ஏர்கிராப்ட் லேபிள் எங்க இருக்கு?"

"சைடுல. செவப்பு எழுத்து," என்று குனிந்தாள் மகள். அப்புறம் அந்தப் பக்கம் குனிந்தாள். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் அம்புக்குறியைக் காட்டினேன். "புதுசா ஒட்டியிருக்கேன்ல?"

பேரன் கோப்பைப் படத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்திலாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷம் கஸ்டம்ஸில் கடிதம் கொடுத்தே காரியம் சாதித்தவன் அல்லவா? பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தேன். இந்த இருக்கை விமானப் பயணத்துக்கு முற்றிலும் தகுதியானது என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன் — எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அந்தப் பெண் பொறுமையாகப் படித்தாள். அதுவரை ஆபீஸ் தமிழ் பேசியவளுக்கு ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இத எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"லேபிள உரிச்சது?"

"...அதும் நாந்தான்."

"அப்ப எப்படி அண்ணாச்சி?"

மேலதிகாரியிடமும் கேட்டுப் பார்த்தாள், பாவம். லேபிள் இல்லாத சீட் உள்ளே வரக்கூடாது, அவ்வளவுதான். அவர்கள் பக்கம் தப்பே இல்லை. கார் சீட் லக்கேஜ் பெல்ட்டில் ஏறிப் போனது. மகள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செக்யூரிட்டிக்குள் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தவன் பேரன்தான்.

வெளியே வந்து வேலியோரம் நின்றேன். காற்று வேட்டியைப் பிடுங்கியது. விமானம் கிளம்பி, ஒரு பக்கம் சாய்ந்து, நேராகி, மறைந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு மிக்ஸியைக் கன்டெய்னரில் ஏற்றினால் நான்கு பக்கமும் கட்டை கொடுத்து, கயிறு போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கித்தான் கதவை மூடுவோம். "ரெண்டு ஆள் பிடிச்சிட்டு நிக்கோம், போட்டும்" என்று யாராவது சொன்னால் அவனை நானே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். பிள்ளையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, நான் பிடித்திருக்கிறேனே என்கிறோம். அதைப் புரிந்து வைத்திருந்தவள் என் மகள். கட்டையை உருவியவன் நான்.

அவள் போன் வரும் வரைக்கும் நான் வீட்டுக்குப் போகவில்லை.

"எறங்கிட்டோம்ப்பா. ரெண்டு மட்டம் நல்லா குலுக்கிச்சு. அவனுக்கு ஒண்ணுமில்ல... எனக்குத்தான் கை ரெண்டும் மரத்துப் போச்சு." குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் தேவலை என்று பட்டது.

அடுத்த விமானத்துக்குச் சென்னையில் ஒன்பது மணி நேரம் இருந்தது. சீட்டின் அடியில் பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருந்த நம்பரை — நல்லவேளை, அதைத் தேங்காய் நாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை — போட்டோ எடுத்து, தயாரித்த கம்பெனிக்கு மெயில் அனுப்பியிருக்கிறாள். இந்த சீட் விமானத்துக்கு ஏற்றதுதான் என்று அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. என் கடிதத்துக்குக் கிடைக்காத மரியாதை அந்தக் கடிதத்துக்குக் கிடைத்தது. பேரன் கார் சீட்டில் கட்டுண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே கடல் தாண்டியிருக்கிறான். போட்டோ வந்தது. மூன்று முறை பெரிதாக்கி, பெல்ட்டை மட்டும் பார்த்தேன். நல்ல இறுக்கம்.

ஒரு வாரம் கழித்து, சமாதானமாகியிருப்பாள் என்ற தைரியத்தில் போன் போட்டேன். "ஏளா, கிறிஸ்மஸுக்கு வரும்போது நான் ஏர்போர்ட்டுக்கு வாரேன், என்ன? சாமான்லாம் எறக்க ஒரு ஆள் வேணும்லா?"

"கையக் கட்டிட்டு வாங்கப்பா."